தள்ளுபடியா, விளையாட்டா?

11.11 (நவம்பர் 11) போன்ற விற்பனை நாள்களின் தள்ளுபடி, இணையக் கடைக்கு உடனே கூட்டம் சேர்க்கும். விலை ஏறியதும் அக்கூட்டம் கலைந்துவிடும். விளையாட்டின் வழி வேறு. 2009இல் ஃபேஸ்புக்கில் வெளிவந்த ஃபார்ம்வில் என்ற பண்ணை விளையாட்டில், விதைத்த பயிரை உரிய நேரத்தில் அறுவடை செய்யாவிட்டால் அது வாடிவிடும் என்பதாலும், அண்டை வயல்காரராக இருந்த நண்பரின் உதவி தேவைப்பட்டதாலும், மக்கள் எதையும் வாங்காமலேயே நாள்தோறும் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டில் சிங்கப்பூரில் கரீனா என்ற விளையாட்டு நிறுவனமாகத் தொடங்கிய குழுமமே 2015இல் ஷாப்பி என்ற இணையக் கடைச் செயலியை உருவாக்கியது. ஆகவே அச்செயலியில் மெய்நிகர் நாணயங்களும் விளையாட்டுகளும் இடம்பெற்றதில் வியப்பில்லை. (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கடைக்காரர் நம் வீட்டாரைப் பற்றி விசாரிப்பதும் ஏறக்குறைய இதே கலைதான்.) தீபாவளிப் புடவை விற்கும் சிறு இணையக் கடைக்கு நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்; ஏனெனில் தொடர் தள்ளுபடியின் இழப்பைப் பெருநிறுவனம் தாங்கும், சிறு கடை தாங்காது.