பெரியாஸ்பத்திரியா, தனியறையா, கைப்பேசியா? மதுரையில் மனநல ஆலோசகரைத் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

இருவரை முன்னே நிறுத்திக்கொண்டு இந்த அலசலைச் செய்கிறேன். ஒருவன் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 16 வயதுப் பையன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்குப் போக மறுக்கிறான். இரவெல்லாம் விழித்திருக்கிறான். அம்மா கதவைத் தட்டினால் எரிந்து விழுகிறான். இன்னொருவர் மதுரை அண்ணா நகரில் வசிக்கும் 35 வயதுப் பெண். வங்கி வேலை, இரண்டு குழந்தைகள், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. இதயநோய் என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தாளோடு திரும்பியவர். இருவரும் குறிப்பிட்ட எவரும் அல்லர். பள்ளியில் வேலை பார்ப்பதால் மாணவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் நான் திரும்பத் திரும்பக் காணும் இரண்டு வகைத் துன்பங்கள். இருவருக்கும் கனிவோடு காதுகொடுக்கும் ஒருவர் வேண்டும். ஆனால் இருவரும் ஒரே வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

முதலில் யார் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவருடைய வேலை. அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும். 'கவுன்சிலர்' என்ற பலகையோ யார் வாசலிலும் தொங்கலாம். முதுகலை உளவியலோ சமூகப்பணியோ படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவரும் அந்தப் பெயரில் இருக்கிறார்; சில வாரச் சான்றிதழ் வகுப்போடு வந்தவரும் இருக்கிறார். இதற்கிடையில், அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து 'நரம்பு டாக்டர்' என்று சொல்லிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடமே போய் மூளை ஸ்கேன் எடுத்துவரும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். செலவும் ஆகிறது, மாதங்களும் போகின்றன.

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன். மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மனநலப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்கலாம். ஆலோசனைக்கும் மருந்துக்கும் கட்டணம் கிடையாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தேவைப்படும் நோய்களில் இது சாதாரண விஷயம் இல்லை. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கும், ஒரு மாதம் உச்சியிலும் மறுமாதம் பாதாளத்திலும் இருக்கும் இருமுனை நோயாளிகளுக்கும் வேறு இடம் தேடுமுன் இங்கே வரச் சொல்வேன். இரத்தப் பரிசோதனை, உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதி, மற்றத் துறை மருத்துவர்கள் எல்லாமே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

குறை நேரம்தான். கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் சில. அடுத்த முறை வேறு மருத்துவர் அமர்ந்திருப்பார். கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி மருத்துவமனையில் முதலில் விவரம் கேட்டு எழுதுபவர் பெரும்பாலும் மேற்படிப்பு படிக்கும் இளம் மருத்துவர். முதல் வருகையில் அவர்கள் பொறுமையாகக் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கிழமையில் அதே மருத்துவக் குழு அமரும் என்று கேட்டு, அந்தக் கிழமையில் மட்டும் போனால் முகம் மாறும் தொல்லை பெருமளவு குறையும். படிப்பில் மட்டும் பின்தங்கும் பிள்ளைக்கு எழுத்தறிதலில் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகித்தால், அதற்கும் அரசு மருத்துவமனைதான் சரி. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு அரசு மருத்துவச் சான்று வேண்டியிருக்கும்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்க நகரத்துக்கே வர வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலக் குழு வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. எந்த நாள் என்பதை அந்த மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும் என்பதால், பலர் சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருப்பதற்கு இதுவே காரணமாகிறது.

தனியார் மனநல மருத்துவர்களின் அறைகள் பெரும்பாலும் மாலையில் திறக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. அதே மருத்துவரை மறுபடியும் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. ஆனால் டோக்கன் எண் நாற்பதைத் தாண்டும் இடத்தில் உட்கார்ந்து பேச எதிர்பார்க்கக் கூடாது. அங்கே கனிவை அளக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மருந்தை எழுதிக் கொடுக்கும்போது, அது எதற்கு, எத்தனை நாளில் வேலை செய்யும், என்ன தொந்தரவு வரலாம் என்று சொல்கிறாரா? மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் பலன் காட்ட 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். இதைச் சொல்லாமல் விட்டால், ஐந்தாம் நாளே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். தூக்கத்துக்கான மாத்திரைகள் மட்டுமே மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனால், ஏன் என்று கேளுங்கள். அவ்வகை மருந்துகள் பழக்கமாகிவிடக் கூடியவை.

தனியாகத் தொழில் நடத்தும் உளவியலாளரின் அறையில்தான் முக்கால் மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கிடைக்கிறது. நம்முடைய வங்கிப் பெண்ணுக்கு வந்திருப்பது திடீர்ப் பீதி என்றால், பேச்சு வழிச் சிகிச்சை மருந்துக்கு இணையாகவே உதவும். நல்ல உளவியலாளர் அவரிடம் குழந்தைப் பருவத்தை மட்டும் கிளறிக்கொண்டிருக்க மாட்டார். படபடப்பு வரும்போது மனம் என்ன சொல்கிறது, அதை உடல் எப்படி இன்னும் பெரிதாக்குகிறது என்று காட்டுவார். பிறகு வீட்டுப்பாடம் கொடுப்பார்: இந்த வாரம் கூட்டமில்லாத பஸ்ஸில் ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் அண்ணா நகரிலிருந்து கோரிப்பாளையம் வரை, அதற்கடுத்த வாரம் மாலை நேரக் கூட்டத்தில் பெரியார் நிலையம் வரை. இப்படி வாரம் ஒன்றாக ஏறக்குறைய 12 அமர்வுகள் என்பது வழக்கமான கணக்கு. ஆகவே பணத்தையும் முன்பே கணக்குப் போட வேண்டும். அமர்வுக்கு 1,000 ரூபாய் என்றால் மாதம் 4,000 ஆகிறது. கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வருமானத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் சிகிச்சை நடக்குமா என்றும் கேட்கலாம்.

இணையவழி ஆலோசனையை நம் ஊர்க்காரர்கள் விரும்புவதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காத்திருப்பு நாற்காலியில் சித்தப்பாவின் கூட்டாளி உட்கார்ந்திருப்பார். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ தமிழில் பேசும் ஒருவர் திரையில் வந்தால் அந்தப் பயம் இல்லை. பெரியவர்களுக்கு, அதிலும் தனியறை உள்ளவர்களுக்கு, இது தக்க வழி. ஆனால் ஒரே கூடம், ஒரே மின்விசிறி உள்ள வீட்டில், அடுக்களையில் அம்மா இருக்க, 16 வயதுப் பையன் கைப்பேசியில் என்ன பேசுவான்? அவன் 'சரி', 'இல்லை' என்பதைத் தாண்டமாட்டான். வளரிளம் பருவத்தினருக்கு நேரில் போவதையே நான் பரிந்துரைப்பேன். அவன் உட்காரும் விதம், நகம் கடிப்பது, அம்மா பேசும்போது முகம் திருப்புவது எல்லாம் ஆலோசகரின் கண்ணில் பட வேண்டும்.

14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் தொலைபேசி மனநல உதவி எண், வேறு வகை. 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கு மனம் அடைத்துப்போகும்போது அழைக்க உகந்தது. எங்கே போவது என்று வழிகேட்கவும் உகந்தது. வாரந்தோறும் ஒரே ஆளோடு தொடரும் சிகிச்சைக்கு அதை மாற்றாக எண்ண வேண்டாம்.

அறக்கட்டளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மதுரையில் இருக்கிறது. தீவிர மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களின் மறுவாழ்வுக்கு அத்தகைய அமைப்புகளின் பக்கம் பார்க்க வேண்டும். கல்லூரிகளில் இருக்கும் ஆலோசகர் இலவசம், பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் சொன்னது துறைத்தலைவர் காதுக்குப் போகாதா என்று முதலில் அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

பாண்டி கோயிலுக்கும் ஏர்வாடிக்கும் போய்விட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள் என்று மருத்துவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் சலித்துக்கொள்ள மாட்டேன். முடி இறக்கி, கிடா வெட்டி, மனசு ஆறுவது குடும்பத்துக்குத் தேவையாக இருக்கலாம். நோயாளியை அங்கேயே விட்டுவிட்டு வருவதை மட்டும் ஏற்கமாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்கிறது. விளக்கும் ஏற்றுங்கள், மாத்திரையும் கொடுங்கள்.

இனி கனிவுக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்ன எந்த வாசலிலும் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இனிமையாகச் சிரிப்பவரெல்லாம் கனிவானவர் இல்லை. பையனை அழைத்துப் போனால், ஆலோசகர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லி அவனோடு தனியாகப் பேச வேண்டும். எதையெல்லாம் பெற்றோரிடம் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று அவன் முன்னிலையிலேயே விளக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் வன்முறை நடந்திருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மற்றபடி அவன் யாரைக் காதலிக்கிறான், எந்தப் பாடத்தை வெறுக்கிறான் என்பது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்ததும் 'உங்கள் பையன் என்னிடம் இதைச் சொன்னான்' என்று ஒப்பிக்கிற ஆலோசகரிடம் அவன் மறுமுறை வாய் திறக்கமாட்டான். பெரியவர்கள் விஷயத்தில் இரகசியம் அவர்களின் சட்ட உரிமை. கணவரோ மாமியாரோ தொலைபேசியில் கேட்டால், அந்தப் பெண்ணின் சம்மதமின்றி ஆலோசகர் வாய் திறக்கக் கூடாது.

உபதேசம் இரண்டாவது அடையாளம். 'அனுசரித்துப் போங்கள்', 'கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்', 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற சொற்கள் அந்த அறையில் கேட்டால் எழுந்துவிடலாம். தன்பாலீர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்தே ஆக வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய 'மாற்றும் சிகிச்சை' முயற்சிகளுக்குத் தடை விதித்தது. தீர்ப்பெழுதுமுன் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து பேசினார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தப் பணிவை ஆலோசகரிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்துப் பையனை முதலில் வட்ட மருத்துவமனைக்கு மனநலக் குழு வரும் நாளில் கூட்டிப்போவேன். தூக்கமின்மையும் எரிச்சலும் மனச்சோர்வா, போதைப் பழக்கமா, பள்ளியில் யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று பிரித்துப் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும். அதன்பின் வாராவாரப் பேச்சுக்கு, வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்த பழக்கமுள்ள ஓர் உளவியலாளரை நகரத்தில் நேரில் பார்க்க ஏற்பாடு செய்வேன். பணம் குறைவென்றால் அரசு மருத்துவமனையிலேயே உளவியலாளரைப் பார்க்க வழியுண்டா என்று கேட்பேன். வங்கிப் பெண் தைராய்டும் இரத்தசோகையும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நேராக மருத்துவ உளவியலாளரிடம் தொடங்கலாம். விடுப்பு கிடைப்பது கடினம் என்றால் அவருக்கு இணையவழியும் சரிதான். சில வாரங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் மருந்துக்காக மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'செத்துவிடலாம் போலிருக்கிறது' என்று யார் வாயிலிருந்து வந்தாலும் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். 14416-ஐ அழையுங்கள், பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு எந்த நேரமும் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து தாமதிக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் அந்த அறைக்குள் நுழையும்போது பேச்சு அடைபட்டால், ஆலோசகரிடமே அதைச் சொல்லுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ளமாட்டார், தன் முறையை மாற்றுவார் அல்லது பொருத்தமான வேறொருவரிடம் அனுப்புவார். மாறும்போது சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவுகளைப் பெறுவதும் அதே சட்டம் தரும் உரிமை. புதியவரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்தால், உங்கள் பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.