ஆயத்தக் குறிப்பா, திறந்த வளமா?

ஒரு பக்கம் ஆயத்தக் குறிப்புகள், அதாவது வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் பிடிஎஃப் குறிப்புகளும் யூடியூப் பாடங்களும். மறுபக்கம் திறந்த கல்வி வளங்கள்: யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்று ஆக்கியவரே உரிமம் கொடுத்த பாடப்பொருட்கள். மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் இப்போது இரண்டாவது பக்கம். அதனால் இந்த அலசல் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கும்.

காசு இரண்டுக்கும் இல்லை. பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒட்டி வருவது ஆயத்தக் குறிப்பு. டேட்டா மிச்சம் மறுபக்கத்தில்: கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) பாவனையாக்கங்களை, அதாவது பரிசோதனைகளைத் திரையில் செய்துபார்க்கும் மென்பொருட்களை, ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டால் இணையமில்லாமலே ஓடும். தமிழிலும் பல உண்டு.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது திருத்தும் உரிமை. ‘திறந்த கல்வி வளம்’ என்ற பெயரை யுனெஸ்கோ 2002இல் முன்வைத்தது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி இதற்குச் சொல்லும் 5 உரிமைகள்: வைத்திருக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பகிரலாம். சும்மா இறக்க முடிகிற எல்லாமே திறந்த வளமல்ல. எங்கள் பாடநூலையும் இலவசமாக இறக்கலாம். உள்ளே ‘முழுப் பதிப்புரிமையுடையது’ என்றுதான் இருக்கும்.

உணவு வலையை எடுங்கள். ஆயத்தப் படத்தில் புல், வரிக்குதிரை, சிங்கம். பிள்ளைகள் அம்புக்குறிகளைப் பாடமாக்கி எழுதிவிடுவார்கள். திறந்த செயலட்டை என்றால் அந்த ஆபிரிக்காவைத் தூக்கிவிட்டு எங்கள் வாவியை வைக்கலாம்: உதிர்ந்து மக்கும் கண்டல் இலை, இறால், நண்டு, கொடுவா, நீர்க்காகம். அம்புக்குறிகளையும் அழித்துவிட்டுக் கொடுத்தேன். “மிஸ், கொடுவா இறாலை மட்டுமா தின்னும்? சின்ன மீனையும் தின்னுமே” என்று வலை போடுகிற வீட்டுப் பிள்ளை கேட்க, பக்கத்து மேசைக்காரன் மறுக்க, பாடவேளையில் பாதி அவர்கள் பேச்சிலேயே போனது. நான் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. எதை அழிப்பது, எதைக் கேட்பது என்று முதல்நாள் இரவு யோசித்தது குறிப்பு எழுதுவதைவிடப் பெரிய வேலை.

பராமரிப்பும் இதில்தான் சுகம். பாடத்திட்டம் மாறினால் மூலக் கோப்பில் இரண்டு பக்கத்தைத் திருத்தினால் போதும். அதனால் பிடிஎஃப் மட்டும் கிடைத்தால் நான் எடுப்பதில்லை, வேர்ட் கோப்பு இருக்கிறதா என்று தேடுவேன். உரிமக் குறியையும் பாருங்கள். திறந்த வளங்களில் வழக்கமாக இருப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம். அதில் சிசி பை (CC BY) என்றால் ஆக்கியவர் பெயரைப் போட வேண்டும். எஸ்ஏ (SA) இருந்தால் திருத்தியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். என்டி (ND) இருந்தால் மாற்றியதைப் பகிரக் கூடாது. எனக்கு அது உதவாது.

குறைகளும் உண்டு. எங்கள் பாடத்திட்டத்துக்குத் தமிழில் கிடைப்பது கொஞ்சம், பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து நாமே பெயர்க்க வேண்டும். தமிழ், சமயம் போன்ற பாடங்களுக்கு நான் முயன்றதில்லை. புரொஜெக்டர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ஃபெட் கைகொடுக்காது, அச்சடித்த செயலட்டை கொடுக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய கடைசி வாரங்களில் மட்டும் நானும் கடந்தகால வினாத்தாளுக்கும் ஆயத்தக் குறிப்புக்கும் போய்விடுவேன். அந்த நேரத்தில் வாவியைப் பற்றி விவாதிக்கப் பிள்ளைகளுக்கே பொறுமை இராது.