நிலாவெளி வீதி நாற்றுக்கடையின் வீட்டுத்தோட்டப் பொதி: ஓராண்டுப் பயன்பாட்டின் பின்

திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம், வேப்பமரத்தின் கீழ் பச்சை நிழல்வலை கட்டி நாற்றும் விதையும் விற்கும் சிறிய கடையொன்றில், வீட்டுத்தோட்டம் தொடங்குவோருக்கென்று ஆயத்தம் செய்து வைத்திருக்கும் பொதியைச் சென்ற புரட்டாசியில் வாங்கினேன். நாற்றுத்தட்டு ஒன்று, தேங்காய் மட்டைத் துகளை அழுத்திச் செய்த தும்புச்சோற்றுக் கட்டி இரண்டு, ஐந்து கிலோ கூட்டெரு, கறுப்புப் பொலித்தீன் பைகள் பத்து, கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, முளைக்கீரை என ஆறு விதைப் பொட்டலங்கள், பருவ அட்டவணை அச்சிட்ட தாள் ஒன்று ஆகியவை அதில் இருந்தன. அதுவரை மண்வெட்டி பிடித்தறியாத நான், மாரியையும் கோடையையும் இப்பொதியோடு கடந்த பின்னரே இதை எழுதுகிறேன். இரண்டு வாரத்து முளையைக் கண்டு மெச்சி எழுதுவது வாங்க நினைப்பவர்களுக்கு உதவாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். தும்புச்சோற்றுக் கட்டியை நீரில் ஊறவைத்து, தாளில் எழுதியிருந்தபடி கூட்டெருவோடு சரிபாதி கலந்து தட்டில் நிரப்பி விதைத்தேன். வெண்டி ஐந்தாம் நாளே முளைத்தது. கத்தரி ஒன்பதாம் நாள் தலைகாட்டியது. ஆனால் மூன்றாம் வாரத்தில் நாற்றுகளின் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகத் தொடங்கின. தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனபோது, கடைக்கார அக்கா ஒரு குழியிலிருந்து சிறிதளவு எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, “உப்புப் போகேல்ல, தங்கச்சி. மூண்டு தரம் நல்ல தண்ணியில கழுவிப் பிழிஞ்சிருக்க வேணும்” என்றார். தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டுத் தும்பு எடுக்கும்போது, எஞ்சும் சோற்றில் உப்புத் தங்கிவிடும். கழுவாமல் பயன்படுத்தினால் இளவேர் தாங்காது. இதைப் பொதியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? அக்கா அந்தத் தட்டுக்குப் பதிலாக இருபது நாற்றுகள் தந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது குறை அந்தப் பருவ அட்டவணை. அது முழு இலங்கைக்கும் பொதுவாக எழுதப்பட்டது. வைகாசி, ஆனி மாதங்களை மழைக்காலமாகக் காட்டி, அப்போது தக்காளியும் மிளகாயும் நடச் சொல்கிறது. கொழும்பிலும் காலியிலும் அது சரியாக இருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கீழிறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் கச்சான் என்னும் வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. நமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரை பெய்வதுதான் ஆண்டு மழையின் பெரும்பங்கு. இந்த ஊரில் அட்டவணையை அப்படியே நம்பி வைகாசியில் தக்காளி நடுபவர், பூ உதிர்வதைப் பார்த்துத் தன் கை ராசியில்லாத கை என்று நொந்துகொள்வார். பலர் வீட்டுத்தோட்டத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தாளில் இல்லாதது அக்காவின் வாயில் இருந்தது என்பதே இக்கடையின் பெறுமதி. கார்த்திகை முதல் வாரம், மழை நன்றாகப் பிடித்துவிட்ட ஒரு நாள், மிளகாய்க் கன்று கேட்டுப் போனேன். கன்றுகள் கண்முன்னே வரிசையாக இருந்தன. காசை நீட்டியும் அவர் தரவில்லை. “இப்ப கொண்டு போனீங்களெண்டால் வேர் அழுகிச் செத்துப்போகும். தையில வாங்கோ, அப்ப தாறன்” என்று சொல்லி, பதிலுக்கு வல்லாரைக் கொடியும் பொன்னாங்காணித் தண்டும் ஒரு பையில் வைத்துத் தந்தார். விற்கக்கூடிய பொருளை, காலம் சரியில்லை என்று விற்க மறுத்த கடையை நான் இதற்கு முன் கண்டதில்லை. அந்த மார்கழியில் என் முற்றத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வல்லாரையும் பொன்னாங்காணியும் அதைப் பொருட்படுத்தவில்லை. பைகளில் இருந்த கத்தரியை மட்டும் செங்கல்மேல் தூக்கி வைத்துக் காப்பாற்றினோம்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் தோட்டம் தன்பாட்டில் எழுந்தது. இந்த ஊரில் தொடங்குபவருக்குத் தை முதல் பங்குனி வரையான காலமே மிக இணக்கமானது என்பது என் அனுபவம்: மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் கடுமையாக இராது. முளைக்கீரை இருபத்தெட்டாம் நாள் சமையலுக்கு வந்தது. வெண்டி ஐம்பது நாளுக்குள் காய்த்தது. பொதியில் இருந்த கத்தரி, திருநெல்வேலி ஊதா என்னும் இனம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய அந்தக் கத்தரி மாசி முடிவில் தந்த முதல் காயைத் தேங்காய்ப்பாலில் வைத்தபோது, சந்தைக் கத்தரியில் இல்லாத ஒரு மென்மை நாக்கில் தெரிந்தது. தக்காளி சுமாராகத்தான் வந்தது. பயிற்றையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கச்சான் தொடங்கியதும் பொலித்தீன் பைகளின் பலவீனம் தெரிந்தது. கறுப்புப் பை வெயிலை உறிஞ்சி, பிற்பகலில் தொட முடியாதபடி சுட்டது; எங்கள் மணல் முற்றத்தில் காலை ஊற்றிய நீர் பதினொரு மணிக்குள் காணாமற்போனது. மிளகாயின் இளந்தளிர்கள் சுருளத் தொடங்கின. காய்ந்த காலத்தில் பெருகும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் தளிரின் சாற்றை உறிஞ்சுவதால் வருவது அது. இம்முறையும் அக்கா மருந்துப் போத்தலை எடுத்துத் தரவில்லை. தேங்காய்ப் பொச்சு மட்டையை நார்ப்பக்கம் மேலே தெரிய மண்ணுக்குள் புதைத்து, அதன்மேல் செடியை மாற்றி நட்டு, அடியில் வைக்கோல் பரப்பச் சொன்னார். வேப்பங்கொட்டையை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடித்த நீரை மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கச் சொன்னார். பதின்மூன்று மிளகாய்ச் செடிகளில் ஒன்பது பிழைத்தன. பொதியில் கறுப்புப் பைகளுக்குப் பதிலாக வெளிறிய நிறப் பைகளை வைத்தால் இந்த ஊருக்குப் பொருந்தும்.

பயிற்றையை மான்கள் தின்றன. பிரட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் எங்கள் தெருவரை வருவது எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் நான் கதவைத் திறந்தபோது ஒரு பெட்டைமான் பந்தலில் கொழுந்தைக் கடித்தபடி என்னைப் பார்த்து நின்றது. கோபப்பட மனம் வரவில்லை. கிழிந்த மீன்வலையை ஆளுயரத்துக்குக் கட்டினால் போதும் என்றார் அக்கா. கடற்கரையில் ஒருவர் இலவசமாகவே கொடுத்தார், இரண்டாம் முறை நட்ட பயிற்றை தப்பியது.

விதைகளின் தரத்தில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் வாங்குபவர் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: பொதியிலுள்ள தக்காளி கலப்பினம், அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் காய்க்காது, கத்தரியும் வெண்டியும் அப்படியல்ல, விதை எடுத்து வைக்கலாம். கேட்டால் சொல்கிறார்கள், பொட்டலத்தில் எழுதவில்லை. விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய். பொருட்களைத் தனித்தனியே வாங்கினாலும் ஏறத்தாழ அதே செலவுதான். காலையில் போவது நல்லது, பிற்பகலில் அக்கா இருப்பதில்லை, கடையில் நிற்கும் பையனுக்கு விலை மட்டுமே தெரியும்.

இப்போது ஆவணி. ஒரு கத்தரிச் செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விட்டிருக்கிறேன். விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, புரட்டாசி பிறந்ததும் நாற்றுப் போட வேண்டும். தும்புச்சோறு மட்டும் வாங்கக் கடைக்குப் போவேன். மூன்று தரம் கழுவுவேன்.