கண்ணா, ஃபிலிமா? இரண்டு கரோலின்களின் வால்நட்சத்திரத் தேடல்

வால்நட்சத்திரம் தேட இரண்டு வழிகள். தொலைநோக்கியில் கண்ணை வைத்து வானத்தைத் துழாவுவது ஒன்று. படமெடுத்துப் பிறகு அலசுவது மற்றொன்று.

முதல் வழி வானியலாளர் கரோலின் ஹெர்ஷலுடையது. இங்கிலாந்தில் 1786 ஆகஸ்ட் 1 இரவு மங்கலான ஒரு புகைத்திட்டைக் கண்டார். விண்மீன்களிடையே அது நகர்கிறதா, அதாவது வால்நட்சத்திரம்தானா என்று அறிய மறுநாள் இரவு வரை காத்திருந்தார். 1797-க்குள் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். மேகம் மூடினால் அந்த இரவு வீண்.

இரண்டாவது வழியில் வந்தவர் கரோலின் ஷூமேக்கர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்தத் துறைக்கே வந்தார்! கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் ஒரே வானப்பகுதியைச் சற்று இடைவெளிவிட்டு இருமுறை படமெடுப்பார்கள். இரண்டு ஃபிலிம்களையும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு கண்ணாலும் ஒரு ஃபிலிமைப் பார்ப்பார். விண்மீன்கள் தட்டையாகக் கிடக்கும். இடம் மாறிய பொருள் மட்டும் அவற்றுக்கு மேலே மிதப்பதுபோல் எழும்பி நிற்கும். இப்படி 32 வால்நட்சத்திரங்கள், நூற்றுக்கணக்கான சிறுகோள்கள். 1993 மார்ச்சில், ஓரளவு ஒளிபட்டுப் பழுதான ஃபிலிமில், நசுங்கியதுபோல் ஒன்று தெரிந்தது. அதுதான் ஷூமேக்கர்–லெவி 9 என்ற வால்நட்சத்திரம். அதன் துண்டுகள்தான் 1994 ஜூலையில் வியாழனில் மோதின.

சிறுகோளுக்கு ஃபிலிம்தான், சந்தேகமே இல்லை. தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் அதுவும் விண்மீன் போன்ற ஒரு புள்ளியே. வால்நட்சத்திரத்துக்கு மட்டும் என் மனம் ஹெர்ஷல் பக்கமே சாய்கிறது. ஃபிலிமைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். ஹெர்ஷலுக்கு அந்த நேரத்துப் பார்வைதான் இருந்தது.