புரோகேலிபர் 9.5: இருக்கைக்கு அடியில் ஒரு மூட்டு

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குப் போகும் சாலையை விட்டு ஏதேனும் ஒரு வண்டித்தடத்தில் இறங்கினால், பத்து நிமிடத்துக்குள் மூன்று வகை நிலத்தைக் கடக்க வேண்டியிருக்கும். முதலில் கேழ்வரகு வயல்களுக்கு நடுவே மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த செம்மண், அடுத்து கல் குவாரி லாரிகள் சிந்திய ஜல்லி, அதற்கும் அப்பால் மண்ணுக்குள்ளிருந்து முதுகு காட்டும் பாறை. நான்கு ஆண்டுகள் இந்தத் தடங்களில் ஓர் அலுமினிய ஹார்ட்டெயிலை, அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிளை, ஓட்டினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய நாள்களிலெல்லாம் மறுநாள் காலையில் குனிந்து செருப்பை எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அதனால்தான், கடந்த ஆண்டு பெங்களூரில் ஒருவரிடமிருந்து ட்ரெக் நிறுவனத்தின் புரோகேலிபர் 9.5 என்ற கார்பன் மலைச் சைக்கிளைப் பழையதாக வாங்கினேன். பதினான்கு மாதங்கள் ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

கார்பன் என்றதும் எல்லோரும் எடையைத்தான் பேசுகிறார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார். பிசினில் ஊறிய இழை என்று பார்த்தால், அவர் கேட்டதில் பெரிய தவறில்லை. 2020இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தன் எஸ்-வொர்க்ஸ் எபிக் ஹார்ட்டெயிலின் ஃபிரேம் 790 கிராம்தான் என்று அறிவித்தபோது, எடை குறைக்கும் இந்தப் போட்டி ஏறத்தாழ அதன் எல்லைக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கூடவோ குறையவோ எடுத்துக்கொண்டு கிளம்பும் என்னைப் போன்றவருக்கு அதற்குப் பின் குறையும் ஐம்பது, நூறு கிராம் ஒரு பொருட்டே அல்ல. ஃபிரேம் எங்கே வளைய வேண்டும், எங்கே வளையவே கூடாது என்பதை வடிவமைப்பவர் தீர்மானிக்க முடிகிறதே, கார்பனின் உண்மையான ஆதாயம் அதுதான். அலுமினியக் குழாய் எல்லாத் திசையிலும் ஒரே குணத்தோடு இருக்கும். கார்பனில் இழை ஓடும் திசையில்தான் வலு. தாள் தாளாக வெவ்வேறு கோணங்களில் அடுக்கி அச்சில் வேகவைப்பதால், பெடல்களின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பக்கம் இறுக்கமாகவும் இருக்கைப் பக்கம் இளக்கமாகவும் ஒரே ஃபிரேமை அமைக்கலாம்.

புரோகேலிபர் இதில் இன்னொரு படி தாண்டுகிறது. சாதாரண சைக்கிளில் மேல் குழாயான டாப் டியூப், இருக்கைக்குக் கீழே இறங்கும் சீட் டியூப், பின் சக்கரத்திலிருந்து ஏறி வரும் சீட் ஸ்டே ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் பிணைந்திருக்கும். பின் சக்கரம் வாங்கும் அடி அந்த முடிச்சின் வழியாக நேரே இடுப்புக்கு ஏறுகிறது. ட்ரெக் அந்த முடிச்சை அவிழ்த்து, சீட் டியூபை மட்டும் தனியே விடுவித்து, டாப் டியூபோடு அதை ஒரு அச்சிலும் பேரிங்கிலும் நிறுத்தியது. ஐசோஸ்பீடு என்ற இந்த அமைப்பை 2012இல் டொமானே என்ற ரோடு சைக்கிளில் கொண்டுவந்த அந்த நிறுவனம், 2015இல் புரோகேலிபர் எஸ்எல் வழியாக மலைச் சைக்கிளுக்கும் மாற்றியது. பழைய கிணறுகளில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எளிது. துலாக்கட்டை நடுவில் ஓர் அச்சைப் பற்றிக்கொண்டு அசைவதுபோல, இருக்கை பின்னால் சாயும்போது அச்சுக்குக் கீழே உள்ள குழாய் முன்பக்கமாகச் சற்றே வில்லாக வளைகிறது. ஸ்பிரிங் கிடையாது, எண்ணெய் கிடையாது. வளைந்து மீளும் குழாயே ஸ்பிரிங். நண்பரை இருக்கையில் உட்காரவைத்துக் குதிக்கச் சொல்லி, நான் தரையில் உட்கார்ந்து அந்த மூட்டைக் கவனித்தேன். அவர் எடை இறங்கும்போதெல்லாம் இருக்கையைத் தாங்கும் சீட்போஸ்டின் தலை ஒரு தலையாட்டி பொம்மையைப் போலப் பின்னுக்குப் போய்த் திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது.

ஓட்டும்போது இது தெரிகிறதா என்பதற்கு நான் வைத்த தேர்வு எளியது. பழைய அலுமினிய சைக்கிளின் டயர்களையே கழற்றி இதில் மாட்டி, முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ. என்று ஒரே காற்றழுத்தத்தில், கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள கே.ஆர்.பி. அணையின் கால்வாய்க் கரையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாற்றி மாற்றி ஓட்டினேன். டயரையும் காற்றையும் சமமாக வைக்காமல் ஃபிரேமின் சொகுசைப் பேசுவது வீண்பேச்சு. சொகுசில் பாதிக்கு மேல் டயரிலிருந்து வருகிறது என்பதை வாங்கும் முன்பே ஒப்புக்கொள்வது பணப்பைக்கு நல்லது. அதற்குப் பிறகும் வேறுபாடு இருந்தது. குளம்புத் தடங்களிலும் ஜல்லியிலும் இடைவிடாமல் வரும் சின்னச் சின்ன அதிர்வு இடுப்புக்கு வருமுன் மழுங்கிவிடுகிறது. ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கும்போது பின் டயர் மண்ணை விடாமல் கவ்வுகிறது. ஆனால் பெடல் மேல் எழுந்து நின்றால் இருக்கையில் எடை இல்லை, எனவே மூட்டுக்கும் வேலை இல்லை. பாறையிலிருந்து இறங்கும்போது பின் சக்கரம் வாங்கும் பெரிய அடி முழுவதும் காலுக்கே வருகிறது. இதை, முன்னும் பின்னும் அடி தாங்கும் முழு சஸ்பென்ஷனுக்கு ஈடாக எண்ணி வாங்குபவர் ஏமாந்துபோவார். உட்கார்ந்து நெடுநேரம் மிதிப்பவருக்கான வசதி இது.

மற்ற நிறுவனங்கள் இதே சிக்கலுக்கு மூட்டே இல்லாமல் விடை தேடியிருக்கின்றன. சீட் ஸ்டேயைப் பட்டையாகத் தட்டி மெலிதாக்குவது ஒன்று, 27.2 மில்லிமீட்டர் மெல்லிய சீட்போஸ்டை வளையவிடுவது இன்னொன்று. கேனன்டேல் பின் முக்கோணத்தையே 6 மில்லிமீட்டர் செயின் பக்கம் தள்ளி, பின் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் இரு பக்கமும் சமமாக இழுபடும்படி செய்தது. வெளியில் பார்த்தால் தெரியாத இந்த வேலையை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பி.எம்.சி. நிறுவனத்தின் டூஸ்ட்ரோக் 2020இலும், கேனன்டேலின் ஸ்கால்பெல் எச்.டி. அடுத்த ஆண்டிலும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் சாய்வை ஏறத்தாழ 67 பாகைக்குக் கொண்டுவந்தன. முன்பெல்லாம் 70, 71 பாகையில் நிமிர்ந்து நின்ற சைக்கிள்கள் இறக்கத்தில் ஓட்டுபவரைத் தலைக்குப்புறத் தள்ளப் பார்க்கும். என்னுடையது 69 பாகைக்கு நெருக்கமானது. அஞ்செட்டிப் பக்கத்துச் செங்குத்தான இறக்கங்களில் இன்னும் இரண்டு பாகை சாய்ந்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

பிரேக் ஒயரையும் கியர் ஒயரையும், ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள ஹெட்செட் பேரிங்குக்குள்ளேயே நுழைக்கும் புதுப் பழக்கத்தைப் பற்றி ஒரே வரி போதும்: பார்க்க அழகு, பேரிங் மாற்ற வேண்டிய நாளில் பாவம்.

ஆறாவது மாதத்தில் ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் "டிக், டிக்" என்று ஒரு சத்தம் தொடங்கியது. மூட்டில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஒரு வாரம் தூக்கம் கெட்டேன். பிரித்துப் பார்த்தால், சீட்போஸ்டைச் சுற்றிக் கிரானைட் தூசு மாவு போலப் படிந்திருந்தது. கார்பனுக்கென்று உள்ள சொரசொரப்பான பேஸ்டைத் தடவாமல் நான் சும்மா செருகியதுதான் காரணம். துடைத்துத் தடவியதும் சத்தம் நின்றது. அதற்கு முன் ஒரு கடைக்குக் கொண்டு போயிருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர், முறுக்கும் வலுவை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல், அலன் கீயால் கைக்கு வந்த மட்டும் சீட் கிளாம்பை முறுக்கினார். 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும் இடத்தில் கைப்பலத்தைக் காட்டினால் கார்பன் சீட்போஸ்டில் கீறல் விழும். எனக்கு விழுந்தது, புதிது வாங்கினேன். நம் பக்கம் கார்பன் சைக்கிள் வாங்குபவர் அதே நாளில் ஒரு டார்க் ரெஞ்சையும் வாங்கிவிட வேண்டும்.

2024இல் வந்த புதிய புரோகேலிபரில் அந்தப் பேரிங் மூட்டையே எடுத்துவிட்டார்கள். சீட் ஸ்டேக்கள் சீட் டியூபைத் தொடாமல் விலகிப்போய் டாப் டியூபில் சேர்கின்றன. நடுவில் காற்று புகும் ஓர் இடைவெளி. ஐசோபோ என்று அதற்குப் பெயர். அசையும் உறுப்பே இல்லாமல், குழாய்கள் பிரிந்து சேரும் வடிவத்தாலேயே வளைவைப் பெறும் இந்த வழி, லாரித் தூசு ஆண்டு முழுவதும் பறக்கும் நம் தடங்களுக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனாலும் பழைய மூட்டுள்ளது நல்ல நிலையில், பாதி விலையில் கிடைத்தால் நான் அதைத்தான் மறுபடியும் வாங்குவேன்.

பழையதை வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல், பாட்டம் பிராக்கெட்டுக்குச் சற்று மேலே, ஹேண்டில்பார் பக்கமிருந்து அங்கே இறங்கி வரும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன் சக்கரம் தெறிக்கும் கற்கள் அங்கேதான் மோதும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, பானையைத் தட்டி வாங்குவதுபோல அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். இதற்கு முன் நான் விலை பேசிய வேறொரு சைக்கிளில், கணீரென்று வந்துகொண்டிருந்த ஒலி ஒரு கை அகல இடத்தில் மட்டும் ஈரச் சுவரைத் தட்டியதுபோல மந்தமானது. முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டேன்.