சிவப்பு பெயின்ட் அடிச்ச பிரேக் பேட்: நான் ஏமாந்த கதை

கோயம்புத்தூர்ல தினமும் கார் எடுக்கறவங்க, 'வண்டியோட வர்ற கம்பெனி பிரேக் பேடை விட கொஞ்சம் நல்லா பிடிக்கிற மாதிரி, கையைக் கடிக்காம ஒண்ணு போடலாம்'னு தேடிக்கிட்டு இருந்தா இதைப் படிச்சிட்டுக் கடைக்குப் போங்க.

என்னுது பழைய ஸ்விஃப்ட். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடற வண்டி, அவ்வளவுதான். நான் பேட் வாங்கப் போன கடையோட ஓனர் பேச்சுல கெட்டி. "கரி ரேஸ் ட்ராக்ல ஓட்டற பசங்க இதைத்தாங்க போடறாங்க. கம்பெனி பேடெல்லாம் மெதுவா போறவங்களுக்குங்க." பளபளன்னு சிவப்பு பெயின்ட், மேல 'செராமிக் ஸ்போர்ட்'னு பெரிய எழுத்து. முன்பக்க செட் 2,600 ரூபாய். பில் கேட்டேன். "பில்லுன்னா ஜி.எஸ்.டி. தனியா வரும், பார்த்துக்கங்க." வேண்டாம்னுட்டேன். என் கஞ்சத்தனம்.

அவர் சொன்னது நிஜமாவே இருந்திருந்தாலும் எனக்கு ஆகாதுங்கறது அப்புறம்தான் புரிஞ்சது. ரேஸ் பேட் நல்லா சூடேறினாத்தான் பிடிக்கும். காலைல வீட்டை விட்டு வந்து முதல் சிக்னல்ல ஆறிப்போன பிரேக்கை மிதிக்கிறவனுக்கு அது எதுக்கு?

மாட்டின வாரமே கீச்சு கீச்சுனு சத்தம். கடைக்காரரைக் கேட்டா, "புதுசுங்க, செட்டாயிரும்." புது பேடை 60 வேகத்துல இருந்து 10 வரைக்கும், வண்டியை முழுசா நிறுத்தாம, மிதமா பல தடவை மிதிச்சு, அப்புறம் ஆற விட்டுப் படிய வைக்கணும். இதை அவரும் சொல்லல, எனக்கும் தெரியல.

அப்புறம்தான் வால்பாறை போனோம். ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போது 40 கொண்டை ஊசியில பாதி கூடத் தாண்டல, கருகின நாத்தம். அடுத்த வளைவுல மிதிக்கிறேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி மட்டும் நிக்க மாட்டேங்குது. பின்னாடி சீட்ல குழந்தை. ரெண்டாவது கியருக்கு இழுத்து, எப்படியோ ஓரங்கட்டினேன். வீல் கிட்ட கை கொண்டுபோக முடியல. முக்கால் மணி நேரம் ஆற விட்டு, மிச்ச தூரம் முழுக்க செகண்ட் கியர்லயே இறங்கினோம்.

எங்க மெக்கானிக் அண்ணன் கழட்டிப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசல. ஒரு பேட்ல லைனிங், அதாவது உரசிப் பிடிக்கிற பகுதி, ஓரத்துல இரும்புத் தகட்டை விட்டுப் பிரிஞ்சு நிக்குது. "பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சுன்னா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும். கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா பேட்தான் போச்சு கண்ணு"ன்னார். மட்டமான பேட்ல இருக்கற பசை சூட்டுல வெந்து வாயுவாகி, வீலோட சேர்ந்து சுத்தற டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவுல நின்னுக்குமாம். எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது.

அவர் காட்டினதை நீங்களும் கடையிலயே பாருங்க. பல நல்ல பேட்ல ஓரத்துல எஃப்எஃப் (FF), ஜிஎஃப் (GF) மாதிரி ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல எவ்வளவு பிடிக்கும்னு சொல்லுது, ரெண்டாவது நல்லா சூடானப்புறம். இ (E)-ன்னா உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி அதுக்கும் மேல. ரெண்டாவது எழுத்து இ-யா இருந்தா மலைக்குப் போறவங்க யோசிங்க. தரத்துக்கான மார்க் இல்ல அது, ஆனா உருப்படியான தகவல். என் சிவப்பு பேட்ல எழுத்தும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல, தயாரிச்சவன் பேரும் இல்ல.

டிஸ்க் ரெண்டுலயும் ஆழமா கோடு. கடைசல் பிடிச்சா குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழ போயிடும்னு புதுசே வாங்க வேண்டியதாச்சு. கம்பெனி பேட், டாட் 4 பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து மிச்சம் பிடிச்சதைப் போல சில மடங்கு போச்சு.

கடைக்குத் திரும்பப் போனேன். "நீங்க இறக்கம் பூரா மிதிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க." அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதே வண்டியில, அதே மாதிரி ஓட்டி, பழைய பேடோட ரெண்டு தடவை வால்பாறை இறங்கியிருக்கேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்னா கையில பில் இல்ல.

சரி, அன்னைக்குக் கழட்டின என் பழைய பேடையாவது குடுங்கன்னேன், அதுல இன்னும் பாதி லைனிங் இருந்தது. "அதெல்லாம் அன்னைக்கே போயிருச்சுங்க"ன்னார்.