பேராவூரணியில எச்.டி தேடுன பத்து நாள்

போன தீபாவளிக்கு பத்து நாள் லீவு போட்டு குடும்பத்தோட ஊருக்குப் போயிருந்தேன். சிங்கப்பூர்லேர்ந்து திருச்சி, அங்கேர்ந்து புதுக்கோட்டை, ஆலங்குடி வழியா பேராவூரணி பக்கம் எங்க ஊரு. பாஸ்போர்ட் ஆபீஸ், பேங்க்னு போன கதையெல்லாம் இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம், இது டிவி கதை மட்டும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா அம்மாவுக்கு 43 இஞ்ச் டிவி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். அது எப்படி ஓடுதுன்னு நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல, வாங்குன அன்னிக்கே ஃப்ளைட்டு. இந்தத் தடவ போயி உக்காந்து பாத்தா படமா அது? சேத்துல தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு, முகமெல்லாம் பக்கவாட்டுல இழுத்துவிட்ட மாதிரி அகலமா இருக்கு. எம்பொண்ணுக்கு ஒம்பது வயசு, அவதான் மொதல்ல கேட்டா, "ஏம்ப்பா டிவில எல்லாரும் குண்டா இருக்காங்க?" அம்மா அதுக்கு, "நல்லாத்தானடி தெரியுது, உனக்குத்தான் கண்ணு சரியில்ல"ன்னு சொல்லிட்டு சீரியல பாக்குறாங்க.

டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா மஞ்சள், செவப்பு, வெள்ளைன்னு அந்தக்கால மூணு கலர் வயர். கேபிள்காரர் எப்பவோ குடுத்த பழைய எஸ்.டி (சாதாத் தெளிவு) பாக்ஸு, அதோட வயரையே புது டிவிலயும் மாட்டிட்டுப் போயிட்டாங்க. எஸ்.டி படம்னா 720க்கு 576 புள்ளி, ஃபுல் எச்.டின்னா 1920க்கு 1080. பெருக்கிப் பாத்தா சரியா அஞ்சு மடங்கு. அந்த ஒரு பங்கு படத்த எடுத்து 43 இஞ்சுக்குப் பெருசாக்குனா சேறாகாம என்ன ஆகும், நாலுக்கு மூணு அளவுல வர்ற படத்த அகல டிவி முழுக்க இழுத்தா முகம் அகலமாகாம என்ன ஆகும். டிவி மேல காச போட்டுட்டு வயர்ல கோட்ட விட்டது நாந்தான், வேற யாரயும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

சரி, எச்.டிக்கு மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். கேபிளா டிஷ்ஷான்னுதான் கேள்வி. இதுல எனக்கு அனுபவமே கெடையாது பாருங்க, சிங்கப்பூர்ல வீட்டு மேல டிஷ் வைக்கிறதெல்லாம் நடக்காது, பழைய கேபிளும் ஸ்டார்ஹப் 2019 செப்டம்பரோட நிறுத்திட்டு எல்லாரையும் ஃபைபருக்கு மாத்திட்டாங்க. சுவத்துல ஒரு டப்பா இருக்கும், அதுல லைட்டு எரிஞ்சா டிவி வரும், எரியலைன்னா வராது, அவ்ளோதான் என்னோட அறிவு.

மூணு வீடு தள்ளி பெரியப்பா வீடு, அங்க டி.டி.எச்ல (மாடியில டிஷ் வச்சு நேரா சேட்டிலைட்லேர்ந்து வாங்குறது) எச்.டி பேக் போட்ருக்காங்க. ராத்திரி எட்டு மணிக்கு எங்க வீட்ல ஓடுன அதே சீரியல அங்க போயி நின்னு பாத்தேன். புடவை ஜரிகையில நூல் நூலா தெரியுது, அழுவுற பொம்பளைக்கு மை கலையவே இல்லங்குறது கூட தெரியுது. அவ்ளோதான், டிஷ்தான்னு அங்கயே முடிவு பண்ணி மறுநாள் காலையில ஒரு கம்பெனிக்கு (பேரு வேணாம்) போன் போட்டேன். இந்தி வேணும்னா 1, இங்கிலீஷுக்கு 2ன்னு சொல்லிச் சொல்லி தமிழ் வர்றதுக்குள்ள பாதி பேட்டரி போச்சு. "நாளைக்கு ஆள் வருவாங்க சார்"னாங்க. நாளைக்கு வரல, அதுக்கு அடுத்த நாளும் வரல, மூணாவது நாள் மத்தியானம் சாப்புட உக்காந்தப்ப ஒரு தம்பி பைக்ல வந்து நின்னாரு.

எங்க மாடியில தென்கிழக்கு மூலையில ஒரு பழைய இரும்பு கிளாம்ப் துருப்பிடிச்சு நிக்கும். முன்னாடி ஒரு டிஷ் அதுல இருந்துச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சுச்சே, அன்னிக்கு அந்த டிஷ் பறந்து போயி பக்கத்து வயல்ல கெடந்துச்சு, அப்பளம் மாதிரி மடிஞ்சு. டிஷ்ஷா அன்னிக்குப் பெருசு, எங்க பக்கம் தென்னந்தோப்பே படுத்துருச்சு, கரண்ட் கம்பமெல்லாம் வரிசையா சாஞ்சு கெடந்துச்சு, வாரக்கணக்குல இருட்டு. அதுக்கப்பறந்தான் வீட்ல கேபிளுக்கு மாறுனாங்க.

வந்த தம்பி அந்த கிளாம்ப்புலயே மாட்டிடலாம்னு போன்ல காம்பஸ் எடுத்துப் பிடிச்சு மேல பாத்தாரு, அப்டியே நின்னுட்டாரு. புயல்ல விழுந்த மரத்துக்குப் பதிலா அம்மா வீட்டு ஓரமா ஒரு தென்னம்புள்ள வச்சாங்க, ஏழு வருஷத்துல அது வளந்து மட்டையெல்லாம் மாடிக்கு மேல குடை பிடிச்சாப்ல நிக்குது. நான் டிஷ்ஷுன்னா நேரா முன்னாடி பாக்கும்னு நெனச்சிருந்தேன். நம்ம ஊரு பூமத்தியரேகைக்குப் பக்கம்ல, சேட்டிலைட் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கு. கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரில இருக்குற சேட்டிலைட்டுக்குன்னா தென்கிழக்க பாத்து ஏறக்குறைய 70 டிகிரி மேல அண்ணாந்து பாக்கணும், 83 டிகிரியில இருக்குறதுக்கு இன்னும் மேல, கிட்டத்தட்ட உச்சி வானத்தத்தான் பாக்கும். அதனால தூரத்துல எவ்ளோ பெரிய மரம் இருந்தாலும் பிரச்சன இல்ல, தலைக்கு மேல ஒரு மட்டை தொங்குனா போச்சு. காத்தடிக்கிறப்ப மட்டை ஆடும், படமும் கூடவே ஆடும்.

"நாலு மட்டைய வெட்டிட்டா போதும்ணே"ன்னாரு. அம்மா கீழேருந்து கேட்டுட்டாங்க. "எந்த மட்டைய?" அந்தத் தொனியில தம்பியே வாய மூடிட்டாரு. மேற்கு ஓரத்துல தண்ணி டேங்க் பக்கத்துல வைக்கலாம், வயர் நீளமாகும், கூட எடுக்குற வயருக்கு மீட்டர் கணக்குல காசு, சாமான் கையில இல்ல, நாளன்னிக்கு வரேன்னு கெளம்பிட்டாரு.

அன்னிக்கு ராத்திரிதான் மழை புடிச்சுச்சு. வடகிழக்குப் பருவமழைய டெல்டாவுல பாத்தவங்களுக்குச் சொல்ல வேணாம், சட்டியக் கவுத்தாப்ல கொட்டும். பெரியப்பா வீட்லேர்ந்து பேரன் ஓடி வரான், "சித்தப்பா, டிவி போயிருச்சு, சிக்னல் இல்லன்னு வருது". எங்க வீட்ல அந்த சேத்துப் படம் சலனமே இல்லாம ஓடிட்டு இருக்கு. அம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே.

மறுநாள் கேபிள் அண்ணன் காசு வாங்க வந்தப்ப (மாசம் பொறந்தா இன்னும் நேர்லதான் வர்றாரு, சட்டப்பையில சின்ன மிஷினோட) திண்ணையில உக்கார வச்சுக் கேட்டேன். அவர் சிரிச்சாரு. "தம்பி, ரெண்டும் மேலேர்ந்துதான் வருது. நீங்க உங்க மாடியில சின்ன டிஷ்ஷு வக்கிறீங்க, எங்களுக்குக் குடுக்குறவங்க ஹெட்எண்ட்ல, அதான் எல்லா சேனலையும் வாங்கிச் சேத்து அனுப்புற எடத்துல, ஆளவிடப் பெரிய டிஷ்ஷு வச்சிருக்காங்க." பின்னாடி நான் யோசிச்சுப் பாத்தேன், அவர் சொன்னது ரொம்பச் சரி. வீட்டு டிஷ்ஷுக்கு வர்றது கேயு பேண்ட், 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலையோட நீளமே ரெண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அத உறிஞ்சிரும். சேனல்காரங்க கேபிள் ஹெட்எண்டுக்கு அனுப்புறது பெரும்பாலும் சி பேண்ட், 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அது மழைய அவ்வளவா சட்ட பண்ணாது. அங்கேர்ந்து ஃபைபர்ல ஊருக்கு வந்து, ஊருக்குள்ள கருப்பு வயர்ல வீட்டுக்கு வருது. ஆகக்கூடி கேபிள்ங்குறதும் சேட்டிலைட்தான், டிஷ் யார் வீட்டு மாடியில நிக்குதுங்குறதுதான் வித்தியாசம்.

ஆனா கேபிளுக்கும் சனி இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு கீழத்தெருவுல மட்டும் கரண்ட் போச்சு, எங்க வீட்ல கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது, டிவில மட்டும் ஒண்ணும் இல்ல. என்னன்னு பாத்தா எங்க லைனுக்கு சிக்னல தூக்கிவிடுற ஆம்ப்ளிஃபயர் பொட்டி கீழத்தெரு கம்பத்துல தொங்குது, அதுக்குக் கரண்ட் அங்க உள்ள ஒரு வீட்லேர்ந்து. நம்ம வீட்ல இன்வெர்ட்டர் இருந்து என்ன பண்றது, அந்த வீட்ல கரண்ட் இருந்தாத்தான் எங்கம்மாவுக்கு சீரியல். டிஷ்ஷா இருந்தா இந்தத் தொல்ல இல்ல, நம்ம இன்வெர்ட்டர் ஓடுற வரைக்கும் அதுவும் ஓடும். போன் போட்ட இருவது நிமிஷத்துல கேபிள் அண்ணனோட பையன் ஒரு பேட்டரிய வண்டில வச்சுத் தூக்கிட்டு வந்து கம்பத்துல மாட்டிட்டுப் போனான். அவன் எந்த நம்பரையும் அமுக்கச் சொல்லல. நான் அந்த இடத்துல கேபிள் பக்கம் மாறிட்டேன்னு நெனக்கிறேன்.

காசு விஷயம் கேட்டா தலை சுத்தும். அப்பா இன்னும் 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்குக் குடுத்த காலத்துலேயே இருக்காரு, "எழுபது ரூவாய்க்கு எல்லாம் வந்துச்சுடா"ன்னு அஞ்சு தடவ சொல்லிட்டாரு. 2019ல ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புது விதி கொண்டுவந்தாங்க, சேனல நீங்களே பொறுக்கிக்கலாம், அந்தச் சேனல் காசுக்கு மேல முதல் 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீதம் ஜி.எஸ்.டி சேத்து 153 ரூபாய் 40 பைசா, சும்மா லைன் இருக்குறதுக்கே. அந்தக் கணக்குல ஒரு எச்.டி சேனல் ரெண்டு சாதா சேனலுக்குச் சமம். அப்பறம் 130க்கு 200 சேனல்னு ஆச்சு, 2024ல அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துட்டாங்க. இந்த விதியெல்லாம் கேபிளுக்கும் டி.டி.எச்சுக்கும் ஒண்ணுதான். அதனால இது மலிவு அது கிராக்கின்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எந்த பேக்ல எத்தன எச்.டின்னு எண்ணிப் பாருங்க. சாதா சேனலையும் அதே சேனலோட எச்.டியையும் சேத்துக் கட்டி பேக் பெருசுன்னு காட்டுவாங்க, ஒரே சேனலுக்கு ரெண்டு தடவ அழுவணும், அத மட்டும் எடுக்கச் சொல்லிடுங்க.

எண்ணிப் பாத்தா டிஷ்ல எச்.டி சேனல் கண்டிப்பா ஜாஸ்தி, அத மறைக்க வேணாம். இங்கிலீஷ் படம், விலங்கு சேனல், ஸ்போர்ட்ஸ் எல்லாம் வேணும்னா டிஷ்தான். எங்க வீட்ல யாருக்கு வேணும்? அம்மாவுக்கு சன், விஜய், ஜீ தமிழ், மத்தியானம் கே டிவில படம், இது எல்லாத்துக்கும் எச்.டி கேபிள்லயே இருக்கு. அப்பா நியூஸ் தவிர ஒண்ணும் பாக்க மாட்டாரு, தமிழ் நியூஸ் சேனல் பெரும்பாலும் எஸ்.டிதான், அதனால அவருக்கு எச்.டி இருந்தா என்ன இல்லைன்னா என்ன. "கீழ ஓடுற எழுத்து தெரிஞ்சா போதும்டா"ன்னுட்டாரு. மேற்கு ஓரத்து டிஷ்ஷுக்கு வரேன்னு சொன்ன தம்பி வரவே இல்ல, அதுவும் ஒரு காரணம். நான் போன் பண்ணி வேணாம்னு சொன்னப்பறம் மூணு நாளைக்கு "உங்கள் இணைப்பு தயார்"னு மெசேஜ் மட்டும் வந்துட்டே இருந்துச்சு.

கேபிள் அண்ணன் எச்.டி பாக்ஸ் கொண்டாந்து மாட்டுனாரு. மாட்டியும் படம் பெருசா மாறல, எனக்கு பக்குன்னுச்சு. பாக்ஸ் செட்டிங்குள்ள போயி பாத்தா அவுட்புட் 576லயே வச்சிருக்கு, அத 1080i-க்கு மாத்துனதும் படம் கழுவிவிட்டாப்ல வந்துச்சு. புதுசா எச்.டி பாக்ஸ் போடுறவங்க எல்லாரும் இத ஒரு தடவ பாத்துருங்க, மாட்ட வர்றவங்க இத மாத்துறதே இல்ல. எச்.டி.எம்.ஐ வயரும் பாக்ஸோட வரல, கடைவீதியில போயி வாங்கியாந்தேன்.

மாசக் காசு இங்கேர்ந்து கட்டுறதுக்கும் வழி பண்ணிட்டு வந்தேன். சிங்கப்பூர் கார்ட ரீசார்ஜ் ஆப்ல போட்டா எடுக்கல, நம்ம என்.ஆர்.ஓ அக்கவுண்ட (வெளிநாட்ல இருக்குறவங்க இந்திய பேங்க்ல வச்சுக்குற ரூபாய் கணக்கு) சிங்கப்பூர் நம்பர்லயே யு.பி.ஐல சேத்துக்கலாம், சில நாட்டு நம்பருக்கு 2023லேர்ந்து அனுமதி இருக்கு, சிங்கப்பூரும் அதுல ஒண்ணு. எங்க பேங்க்ல அதுக்கு ரெண்டு நாள் அலைஞ்சேன், அப்பறம் நல்லா வேலை செய்யுது. கேபிள் அண்ணன் மட்டும் "தம்பி, நீங்க அனுப்பிடுங்க, நான் இருந்தாலும் அம்மாவ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன், அவங்க மோர் குடுப்பாங்க"ன்னாரு.

பெரிய பிரச்சனை எங்க வந்துச்சுன்னா நம்பர்ல. அம்மாவுக்கு சேனல் பேரே தெரியாது, நம்பர்தான், விரல் தானா போயி அமுக்கும். எச்.டி சேனல் எல்லாம் வேற நம்பர்ல எங்கயோ கடைசியில கெடக்கு. காலண்டர் அட்டையக் கிழிச்சு பின்னாடி ஸ்கெட்ச் பேனாவுல பெருசா எழுதி டிவி ஸ்டாண்டுல ஒட்டிட்டு வந்தேன், எம்பொண்ணு ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் பொம்ம போட்டுக் குடுத்தா, பாட்டிக்கு ஈஸியா இருக்கும்னு.

வந்து மூணு வாரம் இருக்கும். ராத்திரி வீடியோ கால்ல பேசிட்டு இருக்கப்ப அம்மாவுக்குப் பின்னாடி டிவி ஓடுது. மூலையில சேனல் லோகோவப் பாத்தேன், பக்கத்துல எச்.டின்னு இல்ல.

"அம்மா, பழைய நம்பரா போட்ருக்க? அட்டை ஒட்டிட்டு வந்தேன்ல?"

அம்மா திரும்பி டிவியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க.

"அந்த நம்பர்லயும் இதே சீரியல்தானடா ஓடுது?"